முப்பத்து மூன்றாம் வயதில் பள்ளிக்கூடம் போனவர்



நாற்பது வயதை நெருங்கும் ஒருவர், தாம் இத்தனை வருஷங்களாகச் செய்து வந்த தொழில் இனித் தமக்கு உதவாது என்று கண்டால் என்ன செய்வார்? வேலை செய்த ஆலை மூடப்படலாம். உடம்பு முன்போல் உழைக்க இடங்கொடாமல் போகலாம். அல்லது தாம் செய்யும் வேலை தமக்கு ஏற்றதல்ல என்ற தெளிவு காலந்தாழ்ந்தே ஒருவருக்கு வரலாம். அப்போது அக்கம்பக்கத்தார் சொல்லும் சொல் உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் இனி எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்பார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் 31-ந் தேதி நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். இஞ்ஞாசியாருடைய சரித்திரத்தை இந்தக் கண்ணோடு நீங்கள் வாசித்ததுண்டா? சேசு சபையை ஸ்தாபித்தவர் என்று நாம் எல்லோரும் அறிவோம். அவர் கையில் புஸ்தகத்தோடு நிற்கும் படத்தையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கை முப்பது வயது வரை வாள் பிடித்த கை என்பதையும், முப்பத்து மூன்றாம் வயதிலேதான் லத்தீன் இலக்கணத்தின் முதற் பாடத்தைத் திறந்தது என்பதையும் அநேகர் கவனிப்பதில்லை. அந்தக் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறோம்.

அரண்மனை வேலை

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே பாஸ்கு நாட்டில் அஸ்பெய்த்தியா என்ற ஊருக்கு அருகே லொயோலா என்னும் கோட்டை வீடு இருக்கிறது. அங்கே 1491-ம் ஆண்டு இஞ்ஞாசியார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இனிகோ. பிள்ளைகள் நிறைந்த வீட்டிலே கடைக்குட்டி அவர். தாயார் அவருடைய சிறு வயதிலேயே இறந்து போனார். சொத்து மூத்தவனுக்குப் போகும் வழக்கமுள்ள அந்த நாட்டிலே, கடைசிப் பிள்ளை தன் பிழைப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

பதினைந்து வயது அளவில் அவரை அரேவாலோ பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலாஸ்கெஸ் என்ற பிரபு, காஸ்தீல் ராச்சியத்தின் தலைமைப் பொக்கிஷதார், தம் வீட்டில் அவரை வளர்த்தார். வாலிபன் இனிகோ அங்கே கற்றது என்ன? அரண்மனை நடை, வாட்பயிற்சி, குதிரையேற்றம், வீரக் கதைகள் வாசித்தல், அழகான கையெழுத்து. படிப்பு என்று சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை. நல்ல உடை உடுத்துவதிலும் சண்டையிலே பேர் எடுப்பதிலும் அவருக்கு ஆசை மிகுதி.

பிறகு அரசியல் மாறிற்று. வேலாஸ்கெஸ் பிரபு ராசாவின் தயவை இழந்து 1517-ம் ஆண்டு இறந்தார். இருபத்தாறு வயதில் இனிகோ வேலையற்றவரானார். விதவையான பிரபுவின் மனைவி இரக்கப்பட்டு, 500 பொற்காசுகளும் இரண்டு குதிரைகளும் கொடுத்து, நவார் நாட்டின் ராசப் பிரதிநிதியான நஹேரா பிரபுவிடம் அவரை அனுப்பி வைத்தார். இப்படி அவருக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது. ஒரு வீட்டை நம்பி வளர்ந்தவன் அந்த வீடு சாய்ந்தால் எப்படித் தவிப்பான் என்பதை அவர் அப்போதே ஒருமுறை பார்த்துவிட்டார்.

உடைந்த கால்

1521-ம் ஆண்டு பிரெஞ்சுச் சேனை நவார் நாட்டுக்குள் புகுந்து பம்பலோனாக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் பேர். சரணடைவதே புத்தி என்று மற்ற வீரர்கள் எண்ணினார்கள். இனிகோ மட்டும் போராட வேண்டுமென்று வாதித்துத் தலைவரின் மனதைத் திருப்பினார். மே மாதம் 20-ந் தேதி ஒரு பீரங்கிக் குண்டு அவருடைய கால்களுக்கு நடுவே பாய்ந்தது. வலது கால் எலும்பு நொறுங்கியது, இடது காலிலும் காயம். அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது.

வெற்றி பெற்ற பிரெஞ்சுக்காரர் அவரை மரியாதையாக நடத்தினார்கள். முதலுதவி செய்து, சில நாள் கழித்துத் தூக்குக் கட்டிலில் லொயோலாவுக்கு அனுப்பினார்கள். வழியிலே எலும்பு இடம் பெயர்ந்ததால், வைத்தியர்கள் மறுபடியும் உடைத்துச் சேர்த்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவர் கைமுட்டியை இறுக்கிக்கொண்டதன்றிச் சத்தம் போடவில்லை. அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவிலே சாவின் வாசல் மட்டும் போய், பிழைத்தார்.

எலும்பு கூடிற்று. ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு புடைத்து நின்றது. அரண்மனைக்காரர் அணியும் இறுக்கமான பாதரட்சை அதன்மேல் ஏறாது. அந்த அழகுக்காக மாத்திரம், உயிருக்கு ஒன்றும் தேவையில்லாதிருந்தும், எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார்! வலியைச் சகித்தார். கால் குட்டையாகாதபடி நாட்கணக்கில் இழுத்துக் கட்டியும் வைத்தார்கள். ஆனாலும் சாகுமட்டும் சற்று நொண்டியே நடந்தார். பழைய தொழிலை விடக்கூடாதென்று ஒரு மனிதன் எவ்வளவு பாடுபடுவான் என்பதை இதிலே பாருங்கள். நாமும் சில சமயம் முடிந்துபோன ஒன்றை இப்படித்தான் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

படுத்த படுக்கையிலே பொழுது போகவில்லை. வாசிக்க வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டிலே ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய அண்ணியார் மக்தலேனா வீட்டிலே இருந்தவை சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். பிறகு அவற்றிலே லயித்துப்போய், 300 பக்க அளவில் ஒரு நோட்டுப் புஸ்தகத்திலே தம் அழகான கையெழுத்தால் முக்கியமானவற்றை எழுதினார். சேசுநாதர் திருவாக்கியங்களுக்குச் சிவப்பு மை, தேவமாதாவின் வார்த்தைகளுக்கு நீல மை.

அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். அரண்மனையையும் தாம் விரும்பிய சீமாட்டியையும் பற்றி மணிக்கணக்காகக் கனவு காண்பார். அந்த நேரம் இன்பமாயிருக்கும், முடிந்த பின் மனம் வறண்டு கசக்கும். அர்ச். பிரான்சீஸ்குவையும் அர்ச். சாமிநாதரையும் போல் வாழ்வதாக எண்ணிப் பார்ப்பார். அதுவும் இன்பமாயிருக்கும், முடிந்த பின்னும் சமாதானம் நிலைத்திருக்கும். எந்த எண்ணம் போன பிறகும் மனம் நிறைந்திருக்கிறதோ அதுவே தமக்குரிய வழி என்று அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் உலகெங்கும் ஞான ஒடுக்கங்களில் போதிக்கப்படும் மன ஆராய்ச்சிக்கு இந்தப் படுக்கையே முதற் பள்ளிக்கூடம்.

முதல் திட்டம் பலிக்கவில்லை

1522-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அண்ணன் தடுத்துப் பார்த்தும் பயனில்லை. மொன்செராத் மலையிலுள்ள தேவமாதா கோவிலிலே பாவசங்கீர்த்தனம் செய்து, மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின இரவு முழுவதும் விழித்திருந்து செபித்து, வாளையும் குத்துவாளையும் அங்கேயே காணிக்கையாக விட்டார். விலையுயர்ந்த உடையை ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துச் சாக்குத் துணி அணிந்தார். அந்த ஏழை உடையைத் திருடினதாகப் பிடிபட்டான் என்று கேட்டபோது கண்ணீர் விட்டார்.

அருகிலுள்ள மன்ரேசா ஊரிலே ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கினார். முன்பு தலைமயிரைச் சிங்காரித்தவர் இப்போது அதை வாராமலும் நகத்தை வெட்டாமலும் விட்டார். மட்டுமீறிய தபசினால் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். வயிற்று நோய் அதன்பின் அவரை விட்டு முழுதும் நீங்கவில்லை. பிற்காலத்தில் தம் கீழிருந்தவர்களுக்கு அளவான உணவையும் தூக்கத்தையும் அவர் வற்புறுத்தியதற்கு இந்த அநுபவமே காரணம். புதிய வழியிலே கால் வைக்கிறவனுக்கு உற்சாகம் மாத்திரம் போதாது, நிதானமும் வேண்டும்.

அவருடைய எண்ணமெல்லாம் ஜெருசலேமுக்குப் போய், சாகுமட்டும் அங்கேயே தங்கி ஆத்துமங்களுக்கு உதவுவதே. பிச்சையெடுத்தே ரோமாபுரிக்கும் வெனிஸ் பட்டணத்துக்கும் போய்க் கப்பலேறி, 1523-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜெருசலேமை அடைந்தார். ஆனால் அங்கே திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சீஸ்கு சபைச் சிரேஷ்டர் அவர் தங்குவதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. யாத்திரிகர்களைத் துருக்கியர் பிடித்துச் சிறைவைப்பதும், மடத்தார் பணங்கொடுத்து மீட்பதுமாயிருந்த காலம். தமக்கிருந்த பாப்பானவரின் அதிகாரத்தைச் சிரேஷ்டர் எடுத்துக் காட்டவே, இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். மூன்று வாரம் ஆகுமுன்னே திரும்ப வேண்டியதாயிற்று.

வாசகரே, சற்று எண்ணிப் பாருங்கள். பழைய தொழிலை விட்டாயிற்று. புதிதாக எண்ணிய திட்டமும் தகர்ந்தது. வயதோ முப்பத்து மூன்று ஆகப்போகிறது. கையிலே காசில்லை, ஒரு பட்டமில்லை. இனி என்ன செய்வது என்று கப்பலிலே தமக்குள் ஆராய்ந்து கொண்டே வந்தார். ஆத்துமங்களுக்கு உதவ வேண்டுமானால் முதலாவது படிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

சிறுவர்களோடு ஒரே பலகையில்

அக்காலத்திலே படிப்பு என்றால் லத்தீன். லத்தீன் தெரியாமல் தத்துவ சாஸ்திரமும் இல்லை, தேவ சாஸ்திரமும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. 1524-ம் ஆண்டு பார்சலோனா நகரிலே அர்தேவோல் என்ற இலக்கண ஆசிரியர் காசு வாங்காமல் அவருக்குக் கற்பிக்க ஒப்புக்கொண்டார். இசபெல் ரோசர் என்ற புண்ணியவதி சாப்பாட்டுச் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பம்பலோனாவில் சேனைக்குத் தைரியம் சொன்னவர் இப்போது சின்னப் பையன்களோடு உட்கார்ந்து, வேற்றுமை உருபுகளையும் வினைச்சொல் விகற்பங்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.

அது இலேசாக வந்ததென்று நினைக்க வேண்டாம். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் உடனே உயர்ந்த ஞான எண்ணங்களும் பக்திச் சுவையும் பெருகி வரும், பாடம் ஓடாது. பூசை காணும்போதும் செபம் செய்யும்போதுங்கூட வராத அந்தச் சுவை, இலக்கணப் புஸ்தகத்தைத் திறந்தவுடன் வருவானேன்? இது நல்லதுபோல் வேஷம் போட்டு வந்த சோதனை என்று அவர் கண்டுகொண்டார். உடனே ஆசிரியரைக் கடற்கரை மாதா கோவிலுக்கு அழைத்துப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, தமக்கு ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும் வரை இரண்டு வருஷமும் ஒரு பாடத்தையும் தவறவிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இதைக் கவனியுங்கள். சோம்பல் வந்திருந்தால் அவர் எளிதிலே விரட்டியிருப்பார். வந்ததோ பக்தி! கடமையின் நேரத்தில் வரும் வேறொரு நல்ல காரியமும் தடையாகலாம். படிக்க உட்கார்ந்தவுடன் வீட்டு வேலை ஞாபகம் வரும், சங்க வேலை ஞாபகம் வரும், ஊருக்குச் செய்ய வேண்டிய உபகாரம் ஞாபகம் வரும். எல்லாம் நல்லவைதான், ஆனால் அந்த நேரத்துக்குரியவை அல்ல.

அவசரத்தின் விளைவு

இரண்டு வருஷம் முடிந்ததும், மேற்படிப்புக்குத் தகுதியுண்டு என்று சொன்னார்கள். 1526-ல் அல்காலா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே நியாய சாஸ்திரம், இயற்கைத் தத்துவம், தேவ சாஸ்திரம் மூன்றையும் ஒரே சமயத்தில் வாசித்தார். கூடவே ஜனங்களுக்கு ஞானோபதேசம் போதித்தார். பட்டமில்லாத ஒருவன் முரட்டுத் துணி உடுத்திக்கொண்டு வேத காரியம் பேசுவதைக் கண்டு அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 42 நாள் காவலில் வைத்து விசாரித்தார்கள். குற்றம் ஒன்றும் காணவில்லை. ஆனாலும் மற்ற மாணாக்கரைப்போல் உடுத்த வேண்டும், இன்னும் சில ஆண்டு படித்து முடிக்கும் மட்டும் விசுவாச காரியங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று கட்டளையிட்டார்கள்.

1527-ல் சலமாங்கா நகருக்குப் போனார். அங்கேயும் அதே விதி. காலிலே சங்கிலியிட்டு 22 நாள் வைத்தார்கள். ஓர் இரவு மற்றக் கைதிகளெல்லாம் தப்பியோடினார்கள். இஞ்ஞாசியாரும் அவர் தோழரும் மாத்திரம் திறந்த கதவுக்குள்ளே இருந்தார்கள். விடுதலை கிடைத்தும் பல கட்டுப்பாடுகள் வந்தன.

வேறொருவராயிருந்தால் படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று திரும்பியிருப்பார். அல்லது அதிகாரிகளைக் கசந்து பேசிக்கொண்டே ஆயுளைக் கழித்திருப்பார். இஞ்ஞாசியார் புஸ்தகங்களை ஒரு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, குளிர்காலத்திலே தனியாக, நடந்தே பாரீஸுக்குப் புறப்பட்டார். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் அப்போது பகை, போகாதே என்று எத்தனையோ பேர் தடுத்தார்கள். 1528-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ந் தேதி பாரீஸ் சேர்ந்தார்.

அங்கே போய் அவர் செய்த முதற் காரியம் என்ன தெரியுமா? மொந்தேகு கல்லூரியில், மறுபடியும் சிறுவர்களோடு, இலக்கணத்தையே அடியிலிருந்து தொடங்கினார். தம்மை அவசரப்படுத்தி மேலே ஏற்றிவிட்டதால் அஸ்திவாரம் சரியாயில்லை என்பதை உணர்ந்திருந்தார். வயது அப்போது முப்பத்தேழு. ஒருமுறை பையன்களோடு உட்காருவது தாழ்ச்சி. நான்கு வருஷம் கழித்து, இரண்டு சர்வகலாசாலைகளைப் பார்த்த பிறகு, இன்னொரு முறை உட்காருவது எவ்வளவு பெரிய தாழ்ச்சி!

பணமும் பசியும்

பார்சலோனாவிலிருந்து வந்த உண்டியலை மாற்றியதில் 25 பொற்காசு அவருக்குக் கிடைத்தது. அதைத் தம்முடன் தங்கியிருந்த ஒரு ஸ்பெயின் தேசத்தானிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். அவன் எல்லாவற்றையும் செலவழித்து விட்டான். தபசுகாலம் முடியுமுன்னே கையிலே ஒன்றுமில்லை. விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லாமல் ஏழை யாத்திரிகர் தங்கும் அர்ச். யாகப்பர் சத்திரத்துக்குப் போனார். சத்திரம் கல்லூரிக்குத் தூரம். கல்லூரியிலோ விடியுமுன்னே பாடம் தொடங்கும். சத்திரத்துக் கதவு விடிந்த பிறகே திறக்கும், சாயங்காலத் திரிகால மணிக்குமுன் அடைபடும். ஆகையால் பல பாடங்கள் தவறின. பகலிலே பிச்சை வேறு எடுக்க வேண்டும்.

ஏதாவது ஓர் ஆசிரியருக்கு வேலைக்காரனாயிருந்து படிக்கலாமென்று தேடினார். பிரபு குலத்தார் அதற்கும் தயாரானார், ஆனால் இடம் கிடைக்கவில்லை. கடைசியாக ஒரு சந்நியாசியார் நல்ல யோசனை சொன்னார். தினந்தோறும் பிச்சையெடுத்துப் படிப்பைக் கெடுத்துக்கொள்வதைவிட, வருஷத்தில் ஒருமுறை பிளாந்தர் நாட்டுக்குப் போய், அங்குள்ள ஸ்பெயின் வியாபாரிகளிடம் வருஷம் முழுவதுக்கும் வேண்டியதைக் கேட்டு வாங்கினால் என்ன? இஞ்ஞாசியார் அப்படியே செய்தார். மூன்றாம் முறை லண்டன் மாநகர் மட்டும் போனார். அந்த முறை கிடைத்தது முந்தின வருஷங்களைவிட அதிகம். தமக்கு மிஞ்சினதை மற்ற ஏழை மாணாக்கருக்குக் கொடுத்தார்.

அந்த 25 பொற்காசைச் செலவழித்தவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஸ்பெயினுக்குக் கப்பலேறப் போனவன் ரூவான் நகரிலே வியாதியாய்ப் படுத்தான். அவனே இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதினான். அவர் வெறுங்காலோடு, உண்ணாமலும் குடியாமலும், 28 காத தூரத்தை மூன்று நாளிலே நடந்து போய் அவனைத் தேற்றினார். கப்பலேற்றிவிட்டு, ஸ்பெயினிலுள்ள தம் சிநேகிதருக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார். நொண்டிக் காலோடு போனார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இளையவரிடம் கற்றவர்

1529-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அர்ச். பார்பரம்மாள் கல்லூரியிலே தத்துவ சாஸ்திரம் தொடங்கினார். அவரோடு ஒரே அறையிலே தங்கினவர்கள் இரண்டு வாலிபர். ஒருவர் சவோய் நாட்டிலே ஆடு மேய்த்த பேதுரு பேவர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபு குலத்துப் பிரான்சீஸ்கு சவேரியார். இருவருக்கும் வயது இருபத்து மூன்று, இஞ்ஞாசியாருக்கு முப்பத்தெட்டு. ஆசிரியருடைய ஏற்பாட்டின்படி, அரிஸ்டாட்டில் பாடத்தைப் பேவர் அவருக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். இஞ்ஞாசியார் பேவருடைய மனக் குழப்பங்களை நீக்கி ஞான வழி காட்டினார். பதினைந்து வயது இளையவரைக் குருவாக ஏற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

சவேரியார் எளிதிலே வசப்படவில்லை. பம்பலோனாப் போர்க் காலத்திலே அவருடைய அண்ணன்மார் எதிர்த் தரப்பில் இருந்தவர்கள். பெரிய பதவி ஒன்றை அவர் மனம் நாடியிருந்தது. இஞ்ஞாசியார் வாதாடாமல், வருஷக்கணக்காகப் பொறுத்து, அவருக்குப் பண முடை வந்தபோது உதவி செய்து மனதைக் கவர்ந்தார்.

1534-ம் ஆண்டு தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, பாரீஸின் மொன்மார்த்தர் குன்றிலுள்ள ஒரு சிறு கோவிலிலே எழுவர் கூடினார்கள். அவர்களுள் குருவானவர் பேவர் ஒருவரே. அவர் செய்த பூசையிலே எழுவரும் தரித்திரத்துக்கும் கற்புக்கும் வார்த்தைப்பாடு கொடுத்து, ஜெருசலேம் போவதாகவும், அது கூடாவிட்டால் பாப்பானவர் அனுப்பும் இடத்துக்குப் போவதாகவும் நேர்ந்தார்கள். மறு வருஷம், 1535-ல், இஞ்ஞாசியார் கலாசாஸ்திரிப் பட்டப் பத்திரம் பெற்றார். பார்சலோனாவில் முதற் பாடம் படித்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

உடல்நலத்துக்காகச் சொந்த ஊர் போனபோது, அண்ணன் கோட்டைக்கு அழைத்தும் போகாமல் ஏழைகளின் ஆஸ்பத்திரியிலே தங்கினார். சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லப் போவதாகச் சொன்னார். யாரும் வரமாட்டார்கள் என்றார் அண்ணன். ஒரு பிள்ளை வந்தாலும் போதும் என்று தொடங்கினார். கூட்டம் பெருகியது, அண்ணனும் வந்து கேட்டார்.

கடைசி மாற்றம்

1537-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி வெனிஸ் நகரிலே, நாற்பத்தாறாம் வயதில், குருப்பட்டம் பெற்றார். வெனிஸுக்கும் துருக்கிக்கும் யுத்தம் மூண்டதால் அந்த வருஷம் திருநாட்டுக்கு யாத்திரைக் கப்பல் போகவில்லை. ஜெருசலேமிலே முதற்பூசை செய்யும் ஆசையால் ஒன்றரை வருஷம் காத்திருந்து, முடியாமல், 1538-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் ரோமாபுரியின் பெரிய மாதா கோவிலிலே அதை நிறைவேற்றினார்.

1540-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் சேசு சபையை அங்கீகரித்தார். மறு வருஷம் தோழர்கள் அவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். இரண்டு முறை மறுத்து, தம் ஆத்தும குருவின் சொல்லுக்கு அடங்கி ஏற்றுக்கொண்டார்.

இங்கே இன்னொரு மாற்றத்தைப் பாருங்கள். ஊர் ஊராய் நடந்து திரிந்தவர், தூர தேசம் போக ஏங்கினவர், அதன்பின் பதினைந்து வருஷமும் ரோமாபுரியிலே சில சிறு அறைகளுக்குள் உட்கார்ந்து கடிதம் எழுதும் வேலையை ஏற்றார். இன்று கிடைத்திருக்கும் அவருடைய கடிதங்கள் ஏறக்குறைய 7,000. அரேவாலோ அரண்மனையிலே கற்ற கையெழுத்தும், பிரபுக்களோடு பழகிய மரியாதையும், பாளையத்திலே கற்ற ஒழுங்கும் ஒன்றாவது வீணாகவில்லை. பழைய தொழிலிலே கற்ற நல்லவற்றை அவர் எறிந்துவிடவில்லை, அவற்றுக்கு எஜமானை மாற்றினார்.

அவர் போக விரும்பிய தூர தேசத்துக்குச் சவேரியார் போனார். நோயாய் விழுந்த இன்னொருவருக்குப் பதிலாகப் புறப்பட்டவர் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கே வந்து சேர்ந்தார். அந்தச் சபையிலிருந்துதான் தத்துவபோதக சுவாமியும் வீரமாமுனிவரும் பிற்காலத்தில் வந்து, வளர்ந்த வயதிலே மாணாக்கராய் உட்கார்ந்து தமிழ் கற்றார்கள்.

முப்பத்து மூன்றில் இலக்கணம் கற்றவர், 1551-ல் ரோமாபுரியிலே இலக்கணத்தைக் காசு வாங்காமல் கற்பிக்கும் பள்ளிக்கூடம் திறந்தார். தமக்கு அர்தேவோல் ஆசிரியர் செய்த தர்மத்தை மறக்கவில்லை போலும். 1556-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி அதிகாலையிலே இறந்தபோது, எழுவராய்த் தொடங்கின சபையிலே ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். 1622-ம் ஆண்டு மார்ச் மாதம் 12-ந் தேதி, அவருக்கும் சவேரியாருக்கும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுக்கப்பட்டது.

நமக்கு என்ன?

வாசகரே, நாம் எல்லோரும் சபை ஸ்தாபிக்கப் போகிறதில்லை. ஆனால் நம் குடும்பங்களிலே நடுவயதில் வழி மாற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தையல் கற்கத் தொடங்கும் தாயார், வேலை போன பின் புதுத் தொழில் பழகும் தகப்பனார், விட்ட பரீட்சையை மறுபடி எழுதும் அண்ணன் இவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு இந்தச் சரித்திரம் மூன்று காரியம் சொல்கிறது. அடியிலிருந்து தொடங்க வெட்கப்படாதீர்கள். அவசரத்தால் அஸ்திவாரத்தைக் கெடுக்காதீர்கள். கேட்டு வாங்க வேண்டிய உதவியைத் தாழ்மையோடு கேளுங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இசபெல் ரோசர் சாப்பாடு கொடாமலும், பேவர் பொறுமையாய்ப் பாடம் சொல்லாமலும் இருந்தால் இஞ்ஞாசியாருடைய படிப்பு என்னவாயிருக்கும்? ஆகையால் நாற்பது வயதிலே ஒருவர் உங்கள் வீட்டில் புஸ்தகத்தைத் திறந்தால் சிரிக்காதீர்கள். அவர் பங்கு வேலையில் கொஞ்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனே தகப்பனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இராத்திரி செபத்திலே அவருக்காக அர்ச். இஞ்ஞாசியாரை நோக்கி ஒரு பரலோக மந்திரமும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.